இடதுகாலுக்கு இன்னும் தெரியாது

செவ்வாயும் வெள்ளியும் காலை ஒன்பது மணிக்கு
வல்பராய்சோ மருத்துவமனையின் மூன்றாம் மாடியில்
ஒரு நுரைமெத்தை மேல் நிற்பது என் வேலை.
நின்றால் போதும்.
அதற்கு ஒருத்தி பக்கத்தில் இருந்து
கடிகாரம் பிடிக்கிறாள்.

யஸ்னா என்று பெயர்.
என் இடுப்புக்கு ஒரு விரற்கடை தள்ளியே
கையை வைத்திருப்பாள், தொடமாட்டாள்.
விழுந்தால் பிடிப்பாயா என்று முதல்நாள் கேட்டேன்.
அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே, என்றாள்.

இருபத்திரண்டு வருடம்
கொர்தியேரா குன்றின் படிகளில்
காஸ் சிலிண்டர் சுமந்தவன் நான்.
பதினைந்து கிலோ வாயு, இரும்பின் கனம் தனி.
வலத்தோளில் அது,
பல்லிடுக்கில் சில்லறை நோட்டு,
குறுக்கே படுத்த நாயைத் தாண்டிப்போகும் இடதுகால்.
அப்போதெல்லாம் யாரும் கடிகாரம் பிடிக்கவில்லை.

ஒரு வால்வு.
அவ்வளவுதான் சொல்வேன்.
மீதியைக் காப்பீட்டுக்காரரிடம்
நான்கு பக்கம் சொல்லியாயிற்று.

தொடைத் தோலை எடுத்துக்
கெண்டைக்காலில் ஒட்டியிருக்கிறார்கள்.
வெங்காய மூட்டை வலை
அப்படியே பதிந்த மாதிரி இருக்கிறது.
அதற்கு வியர்க்காது.
அரிக்கும், ஆனால் சொறியப் போனால்
அரிப்பு வேறு இடத்தில் இருக்கும்.
முழங்காலின் பின்புறம் இரவெல்லாம் சுருங்கி
விடிந்ததும் பார்த்தால்
யாரோ அளவு தப்பித் தைத்துக்கொடுத்த கால்.
யஸ்னா அதை நீட்டுவாள், எண்ணெய் தடவி,
நான் உத்தரத்தில் உள்ள திருகாணிகளை எண்ணுவேன்.
பதினெட்டு. ஒன்று துருப்பிடித்தது.

பாதத்துக்குத் தரை இருப்பதைக்
கண்தான் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.
அதனால்தான் அவள்
கண்ணை மூடு என்கிறாள்.

மூடினால் கட்டடம் துறைமுகத்தை விட்டுக் கிளம்புகிறது.
மூன்று வினாடி. நான்கு.
கம்பிகளுக்கு நடுவே நடந்து பழகும்
ரொட்டிக்கடை எலாடியோ
(கொதிக்கும் எண்ணெய், இரண்டு பாதமும்)
கொக்கே, மீன் கிடைத்ததா என்பான்.
சிரித்தால் விழுவேன் என்று தெரிந்தே கேட்பான்.

ஜூலையில் ஒரு வெள்ளி. வெளியே மழை.
இடதுகால் மட்டும் மெத்தையில், கண் மூடியிருக்கிறது.
கீழே தெருவில் காஸ் வண்டி வருகிறது,
இரும்புத்துண்டால் சிலிண்டரைத் தட்டிக்கொண்டு.
டங். டங்டங். டங்.
என் இடத்துக்கு வந்த புதுப்பையன்.
தட்டத் தெரியவில்லை.
மூன்றாவது தட்டை எங்கே போடுகிறான் பாருங்கள்,
அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு நிற்பவளுக்கு
அது காதில் விழவா போகிறது?
கொஞ்சம் விட்டுப் போட வேண்டும், அட,
விட்டு, விட்டு

பதினொன்று, என்றாள் யஸ்னா.
என்ன பதினொன்று?
கடிகாரத்தைக் காட்டினாள்.

அடுத்த முறை நான்கில் விழுந்தேன்.
முன்னாலேயே பிடித்துவிட்டாள், சொன்னபடி.
கை சில்லென்று இருந்தது.

வீட்டுக்கு நூற்று அறுபத்தொரு படி.
நல்ல கால் ஏறும்போது முதலில்,
கெட்ட கால் இறங்கும்போது முதலில்.
இது அவள் கற்றுக்கொடுத்த வாய்ப்பாடு.
இடதுகாலைக் கெட்டது என்று சொல்ல
எனக்கு இன்னும் வாய் வரவில்லை.
நாற்பதாவது படியில் கீழிருந்து அவன் வந்தான்,
அதே பையன், தோளில் நீலச் சிலிண்டர்,
நோட்டு பல்லில்.
படி ஒருவர் போகும் அகலம்தான்.
கைப்பிடிக் கம்பியை அவனுக்கு விட்டுவிட்டுச்
சுவரோரம் ஒதுங்கினேன்.

தாளத்தைப் பற்றிச் சொல்ல நினைத்திருந்தேன்.
சிலிண்டர் என் முகத்துக்கு நேரே வந்ததும்
கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன்.

அவன் கடந்து, அவன் செருப்புச் சத்தமும் கடந்து,
மேலே ஏதோ கதவு திறந்து சாத்தியது.
பிடிக்க ஒன்றுமில்லாமல் நின்றுகொண்டிருந்தேன்,
எவ்வளவு நேரம் என்று
யாரும் எண்ணவில்லை.